மூன்று தலைமுறையும் ஐந்து ரூபாயும்

எங்கள் பக்கத்துப் பாரதக் கூத்தில் அப்போதெல்லாம் ஐந்து ரூபாய்க்கு ஒரு மனிதனின் மூன்று தலைமுறையைச் சொல்லுவார்கள். அர்ச்சுனன் வில்லை வளைத்து நிற்பான், எதிரே கர்ணன் புஜகட்டை மினுங்க நெஞ்சை நிமிர்த்தி நிற்பான், மத்தளம் உச்சத்துக்குப் போயிருக்கும். அந்த நேரம் பார்த்துக் கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து, தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டி, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டுப் பந்தலுக்குள் போவார். மத்தளம் அடங்கும். கட்டியக்காரர் அவர் வாயருகே காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்து, பென்னாகரம் வட்டம் என்று ஆரம்பித்து, ஊர் சொல்லி, தெரு சொல்லி, இன்னாருடைய பேரனும் இன்னாருடைய மகனும் இன்ன ஊர் இன்னாருடைய மருமகனுமாகிய இவர், நமது கர்ண மகாராஜாவின் வேஷத்தைக் கண்டு மனம் மகிழ்ந்து கொடுத்த அன்பளிப்பு என்று இழுத்து, கடைசியில்தான் ரூபாய் ஐந்து என்பார். அதுவரை குருக்ஷேத்திரத்தில் பதினேழாம் நாள் போர் அவருக்காகக் காத்துக்கொண்டு நிற்கும்.

உங்களுக்கும் இப்படி ஒரு களம் நினைவில் இருக்கும். தருமபுரியாக இல்லாவிட்டால் செங்கமாக இருக்கலாம், திண்டிவனமாக இருக்கலாம், மேட்டூர்ப் பக்கமாக இருக்கலாம். அறுவடையான நிலம், ஓலைப்பந்தல், பெட்ரோமாக்ஸ் விளக்கின் இரைச்சல், இடம் பிடிக்க மாலையிலேயே விரித்துப்போட்ட சாக்குகள், பொரியும் வறுகடலையும் கலந்த வாசனை, நடுச்சாமத்தில் தூங்கிவிழுந்து துச்சாதனன் உறுமலுக்குத் திடுக்கிட்டு எழுந்த பிள்ளைகள். ஒரு வருஷம் எங்கள் ஊர், மறு வருஷம் பக்கத்து ஊர் என்று திரௌபதியம்மன் கோயில்களில் பங்குனியிலும் சித்திரையிலும் பதினெட்டு நாள் பாரதம் நடக்கும். பகலில் பாரதம் படிப்பவர் கதை சொல்லுவார். அவர் பகலில் சொன்ன இடத்தை இரவில் கூத்துக்காரர்கள் ஆடுவார்கள். பதினெட்டாம் நாள் காலையில் களத்து மண்ணிலேயே துரியோதனனைப் பெரிய உருவமாகக் கிடத்தி, அவன் தொடையைப் பிளந்து, திரௌபதி கூந்தல் முடிப்பாள். ஒரு பழைய யுத்தத்தை ஊரே சேர்ந்து மறுபடி நடத்திப் பார்க்கிற காரியம் அது. வேடிக்கை பார்க்கிறவர் என்று அதில் தனியாக யாரும் கிடையாது. பார்க்கிறவருக்கும் ஒரு வேஷம் இருந்தது. அந்த வேஷம் கொடுக்கிறவர் வேஷம்.

கொடுப்பது கூத்தன்று தொடங்குவதில்லை. முதலில் தாம்பூலம். கூத்துச் செட்டு வைத்திருக்கும் வாத்தியார் வீட்டுக்கு ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேர் நடந்தே போய், தட்டில் வெற்றிலை பாக்கும் ஒன்றேகால் ரூபாயும் வைத்து நீட்டுவார்கள். வாத்தியார் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மடியில் முடிந்துகொண்டால், பிறகு வானமே இடிந்து விழுந்தாலும் அந்தத் தேதிக்கு வந்து நிற்பார். பிறகு வீடு வீடாக வரி. காசாக முடியாதவர்கள் ஒரு வள்ளம் கேழ்வரகு, புளி தட்டுகிற காலமாக இருந்தால் ஒரு தூக்குப் புளி. பகாசுரன் கதை வருகிற நாளில் பீமன் வேஷக்காரர் மாட்டுவண்டியில் ஏறித் தெருத்தெருவாக வருவார். ஒவ்வொரு வாசலிலும் சோறோ களியோ குழம்போ பழமோ வண்டியில் ஏற்றுவார்கள். என் அம்மா அன்றைக்கு மட்டும் அரிசிச் சோறு ஆக்குவாள். மற்ற நாளெல்லாம் களி தின்கிற வீட்டில், பகாசுரனுக்குப் போகிற சோறு வெள்ளையாக இருக்க வேண்டும் என்பது அவள் கட்டளை. அந்தப் பானையின் மேலே எழுந்த ஆவியைப் பார்த்துக்கொண்டு, அசுரனாகப் பிறந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்த சின்னப் பையனை இன்றைக்கும் எனக்கு மிகவும் பிடிக்கும்.

துகில் உரிகிற இரவில் பெண்கள் சேலை கொண்டுவருவார்கள். சபையில் திரௌபதி கண்ணனைக் கூப்பிட்டு அழும்போது, கண்ணன் கொடுக்கிற சேலையோடு எங்கள் ஊர்ச் சேலையும் வந்து குவியும். பெரும்பாலும் கைத்தறிதான், ஒன்றிரண்டு கட்டின சேலைகூட இருக்கும், துவைத்து மடித்தது. திரௌபதி வேஷம் கட்டியிருப்பவர் ஆண். அவருக்கு மீசை மழித்த தடம் அரிதாரத்துக்கு அடியில் பச்சையாகத் தெரியும். அதெல்லாம் அம்மாவின் கண்ணில் படாது. சேலையை அவர் மடியில் வைத்துவிட்டுக் காலைத் தொட்டுக் கும்பிடுவாள்.

இதற்கெல்லாம் எதிர்ப்பக்கமாக ஒரு நாள் உண்டு, அர்ச்சுனன் தபசு. நெட்டையான பனைமரத்தைக் களத்தில் நட்டு, படி வைத்து, உச்சியில் ஒரு பலகை கட்டியிருப்பார்கள். அர்ச்சுனன் வேஷக்காரர் படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டு ஏறுவார். கீழே குழந்தை வரம் வேண்டிய பெண்கள் ஈரச்சேலையோடு மரத்தைச் சுற்றி இருப்பார்கள். உச்சிக்குப் போனதும் அவர் தோள்பையிலிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் திருநீறுமாக எறிவார். பதினேழு இரவு ஊரிடம் கைநீட்டி வாங்கியவர், அந்த ஓர் இரவு ஊருக்கே கொடுக்கிறார். மடியில் பழம் விழுந்த பெண்ணின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். ஐந்து ரூபாய்க்குப் பேர் சொல்லப்பட்ட ஆணின் முகத்தையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே வெளிச்சம்தான்.

ஆட்டுச்சந்தையில் என் மாமா எனக்கு வாங்கிக்கொடுத்த குட்டி வளர்ந்து விற்றபோது, எனக்கென்று ஒரு ரூபாய் கிடைத்தது. அந்த வருஷம் கர்ண மோட்சம் ஆடியபோது அந்த நோட்டை எடுத்துக்கொண்டு களத்துக்குள் போனேன். என் காலைவிடக் கர்ணனின் சலங்கை கனமாக இருந்தது தெரிகிறது, மற்றதெல்லாம் பந்தல் விளக்கில் கரைந்துபோயிற்று. கட்டியக்காரர் சிரிக்கவில்லை. அதுதான் முக்கியம். குனிந்து என் தாத்தா பேரைக் கேட்டார், அப்பா பேரைக் கேட்டார், ஊரைக் கேட்டார், அவருக்கு எல்லாமே தெரியும், இருந்தும் கேட்டார். பெரியவர்களுக்குச் சொல்லுகிற அதே நீளத்தில், அதே ராகத்தில் சொல்லி, ரூபாய் ஒன்று என்றார். அங்க நாட்டுக்கு அரசனாகிய கர்ணன் இரண்டு கையையும் சேர்த்து எனக்குக் கும்பிடு போட்டுவிட்டு, நோட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றி மார்புப் பதக்கத்தில் ஊக்கால் குத்திக்கொண்டார். அதோடு போய் அர்ச்சுனனின் அம்பை வாங்கினார். என் ரூபாய் குத்திய நெஞ்சோடு கர்ணன் செத்தான். அந்த வருஷம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் என்னைவிடப் பெரிய மனிதர் யாரும் இல்லை என்று நான் நடந்ததை, நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

கர்ணனுக்குத்தான் எப்போதும் அன்பளிப்பு அதிகம் விழும். கொடுத்துக் கொடுத்தே அழிந்தவன் என்பதால் அவனுக்குக் கொடுக்க எல்லோருக்கும் கை நீண்டது. கவசத்தையும் குண்டலத்தையும் அறுத்துக் கொடுத்தவன், சாகிற நேரத்தில் தான் செய்த புண்ணியத்தையும் தாரைவார்த்தவன், அவனிடம் ஊரே கடன்பட்டிருப்பதுபோல வரிசையில் நிற்கும். கெட்டவன் என்று ஊர் ஏசுகிற துரியோதனன்கூட, போட்டிக் களத்தில் மற்றவர்கள் குலம் கேட்டுக் கர்ணனைத் தலைகுனிய வைத்தபோது, எல்லோர் முன்னாலும் அங்க நாட்டைக் கொடுத்து முடிசூட்டினானே, அந்த ஒரு கொடைக்காக அவனுக்கும் சில கிழவர்கள் நோட்டுக் குத்துவார்கள். ஒரு மனிதனைச் சபையில் தூக்கி நிறுத்துவது எவ்வளவு பெரிய காரியம் என்பது அந்தக் கிழவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இந்த மண்ணுக்கு அது புதிதும் இல்லை. தருமபுரி என்று நாம் இன்று சொல்லுகிற இதுதான் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி இருந்து ஆண்ட ஊர். நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவையாருக்குக் கொடுத்த கதையைப் பள்ளிக்கூடத்தில் படிக்காதவர் யார். தென்பெண்ணை இங்கிருந்து கிழக்கே போய்த் திருக்கோவிலூரை நெருங்குகிற இடத்தில் ஜம்பை என்று ஓர் ஊர். அங்கே ஒரு குகையில் அதியமான் பெயரில் பழந்தமிழ் எழுத்தில் வெட்டிய கல்வெட்டைத் தொல்லியல் துறையினர் 1981ஆம் ஆண்டு கண்டுபிடித்தார்கள். ஒரே ஒரு வரி. அசோகனின் கல்வெட்டுகள் சொல்லுகிற சத்தியபுத்திரர் இவர்தான் என்று வரலாற்றுக்காரர்களுக்குப் பெரிய வெளிச்சம் கொடுத்த வரி. எனக்கு அதில் பிடித்தது வேறு. யார் என்று வம்சத்தைச் சொல்லி, பேரைச் சொல்லி, கடைசியில்தான் என்ன கொடுத்தார் என்று சொல்லுகிறது: படுத்துறங்க ஒரு குகை. எங்கள் கட்டியக்காரர் சொல்லுகிற வரிசை அதேதான்.

அதே அதியமானிடம் பெருஞ்சித்திரனார் என்ற புலவர் மலையெல்லாம் கடந்து பரிசில் கேட்டு வந்தார். அரசனுக்கு என்ன வேலையோ, அவரைப் பார்க்காமலே பரிசைக் கொடுத்தனுப்பிவிட்டான். புலவர் வாங்கவில்லை. முகம் பார்க்காமல் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போக நான் பரிசில் வியாபாரி இல்லை, என் தகுதி அறிந்து தினையளவு கொடுத்தாலும் அதுவே எனக்குப் பெரிது என்று பாடிவிட்டார். புறநானூற்றில் 208ஆம் பாட்டு. கொடை என்றாலே நமக்குக் கொடுத்தவரின் கைதான் தெரிகிறது. வாங்குகிறவருக்கும் ஒரு நிமிர்வு உண்டு, அவருடைய முகத்தைப் பார்க்கக் கொடுக்கிறவருக்கு நேரம் இருக்கவேண்டும் என்பதை இந்த ஊர் எல்லையில் ஒருவர் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே சொல்லிவிட்டார். அந்த அதியமானே பல நாள் தொடர்ந்து போனாலும் முதல்நாள் போலவே முகம் மலர்ந்து வரவேற்பவன் என்று ஔவையார் பாடுகிறார். இரண்டும் ஒரே மனிதனைப் பற்றித்தான். நல்ல கொடையாளிக்கும் ஒரு நாள் தவறும். தவறியதை முகத்துக்கு நேரே சொல்லப் புலவர் இருந்தார்.

அதியமான் செத்து நடுகல் ஆனபோது, அதற்கு மயில்பீலி சூட்டி, சின்னக் கலத்தில் கள் வார்த்ததைப் பார்த்து ஔவையாருக்குத் தாங்கவில்லை. மலையோடு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், இந்தத் துளிக் கள்ளை வாங்கிக்கொள்வானா என்று கேட்கிறார். எங்கள் மாவட்டத்தில் எங்கே தோண்டினாலும் ஒரு நடுகல் கிடைக்கும் என்பது கொஞ்சம் கூடுதலான பேச்சுத்தான், ஆனால் தருமபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கிற கற்களைப் பார்த்தவர்கள் அதை மறுக்கமாட்டார்கள். பல்லவர் காலத்திலிருந்து அதற்குப் பின்னாலும், மாட்டைக் கவரப் போய்ச் செத்தவன், மாட்டை மீட்கப் போய்ச் செத்தவன், ஊருக்காக நின்று செத்தவன். கல்லில் அவன் பேர், அவன் யாருடைய ஆள், எந்த ஊர்ச் சண்டை. சண்டையில் விழுந்தவன் வீட்டாருக்கு விட்டுக்கொடுத்த நிலத்தைக் கல்வெட்டுகள் உதிரப்பட்டி என்கின்றன. பாரதக் கூத்தில் விராட பர்வம் வருகிற அன்று நிஜமான மாடுகளைக் களத்துக்குள் ஓட்டி மறித்து மீட்பார்கள். அந்த நேரம் ஊர்க் கிழவர்கள் தங்களை அறியாமல் எழுந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். விராடனின் மாடு மட்டும் இல்லை அது என்று அப்போது விளங்கவில்லை, அருங்காட்சியகத்துக்குப் போன பிறகு விளங்கியது.

அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்த என் தங்கை மகனிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவன், மாமா, அங்கேயும் இப்படி ஒரு கூட்டம் இருக்கிறது என்றான். கலிபோர்னியாவில் பெர்க்லி என்கிற ஊரில், 1966 மே 1ஆம் தேதி, ஒரு வீட்டுப் பின்கட்டில் சில நண்பர்கள் ஐரோப்பாவின் பழைய வீரர்களைப்போல உடை உடுத்திக் கத்திச்சண்டை போட்டு விளையாடினார்களாம். அது வளர்ந்து இன்றைக்குப் பல நாடுகளில் கிளை விட்டிருக்கிறது. பிரம்புக் கத்தியால் மோதி ஜெயித்தவர் சில மாதம் அரசராக இருப்பார். அவர் தன் கையால் மற்றவர்களுக்குப் பட்டமும் பரிசும் கொடுப்பார். அந்தப் பரிசுகளில் பலவற்றை அரசர் கடையில் வாங்குவதில்லை. கூட்டத்தில் உள்ளவர்களே நெய்தும் செதுக்கியும் தைத்தும் அரசரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள், அரசர் அதைத் தகுதியான இன்னொருவருக்குச் சபையில் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுக்கிறார். கணினியில் வேலை செய்கிறவர்களும் பள்ளி ஆசிரியர்களும் சனி ஞாயிற்றுக்கிழமை கூடாரம் அடித்து இதைச் செய்கிறார்கள் என்றான். கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. எவ்வளவோ சம்பாதித்து எதையும் கடையில் வாங்கிக்கொள்ள முடிகிற மனிதர்கள், ஒரு சபையில் தங்கள் பேர் சொல்லப்படுவதற்காகக் கல்லும் முள்ளுமான நிலத்தில் படுத்துக் கிடக்கிறார்கள். அவர்கள் தேடிப்போய்ப் புதிதாகக் கட்டிக்கொண்டதை நாங்கள் தேடாமலே வைத்திருந்தோம்.

ஆனால் எங்களிடம் இருந்த அந்தப் பழையதில் எல்லாமே நல்லது என்று சொல்ல என் மனம் ஒப்பாது. கூத்து முடிகிற காலையில் பரிவட்டம் யாருக்கு முதலில் கட்டுவது, தீர்த்தம் யாருக்கு முதலில் கொடுப்பது என்பதில் பங்காளிகளுக்குள் மண்டை உடைந்திருக்கிறது. ஒரு தலைமுறைப் பகைக்குக் காரணம் ஒரு முழம் துணியாக இருந்ததை நான் அறிவேன். அதைவிட வலிக்கிற ஒன்று. பதினெட்டு நாளும் ஊருக்குப் பறை அடித்துச் செய்தி சொன்னவர்கள், கொள்ளி சுமந்தவர்கள், பந்தலுக்குக் குழி எடுத்தவர்கள், அவர்களுக்கு உரிய வேட்டி துண்டு பந்தலுக்கு வெளியேதான் கொடுக்கப்பட்டது. கையில் கொடுக்கவில்லை, தரையில் வைத்தார்கள். அவர்கள் கொடுத்த காசும் களத்தில் சொல்லப்பட்டது உண்டு, ஆனால் கட்டியக்காரர் அங்கே ராகத்தைச் சுருக்கிவிடுவார், தாத்தா பேர் வராது. என் ஒரு ரூபாய்க்கு மூன்று தலைமுறை வந்தது. அறுபது வயது மனிதர் ஒருவருடைய ஐந்து ரூபாய்க்கு வெறும் பேர் மட்டும், அதுவும் ஒருமையில். அந்த இரவில் எனக்கு அது கேட்கவில்லை. இன்றைக்கு அந்த இரவை நினைக்கும்போதெல்லாம் அதுதான் முதலில் கேட்கிறது.

பெண்கள் கொடுத்ததும் அப்படியே. அம்மா சேலை முந்தானையில் முடிந்து வைத்திருந்த காசை அப்பாவிடம் கொடுப்பாள், அப்பா போய்க் கொடுப்பார், அப்பாவின் பேர் சொல்லப்படும். அம்மாவின் சேலையைத் திரௌபதி கட்டிக்கொண்டாள்; ஆனால் அம்மாவின் பேரைக் கட்டியக்காரர் ஒருநாளும் சொன்னதில்லை.

இப்போது களம் மாறிவிட்டது. பெட்ரோமாக்ஸ் இருந்த இடத்தில் எல்இடி விளக்கு, பகல்போல அடிக்கிறது; கர்ணனின் முகத்தில் முன்பு இருந்த நிழலெல்லாம் போய், அரிதாரத்தின் வெடிப்பு தெரிகிறது. ஆளுயர மைக்கை ஒவ்வொருவராகத் தேடிவந்து பாடிய காலம் போய், காதோரம் மாட்டிக்கொள்கிற சின்ன மைக் வந்துவிட்டது. வாத்தியார் வீட்டுக்கு யாரும் நடப்பதில்லை, வாட்ஸாப்பில் தேதி, முன்பணம் வங்கிக் கணக்கில். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒன்றேகால் ரூபாய்க்குக் கட்டுப்பட்டு வந்து, விடிய விடிய ஆடி, கேழ்வரகு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்துபோன மனிதர்களின் பிள்ளைகள் இன்று பேசிய தொகையை முன்கூட்டி வாங்குகிறார்கள். கூத்து நடக்காத மழைக்காலத்தில் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர்கள் அவர்கள். அந்தக் கையில் நாலு காசு நிற்கட்டும். நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் வந்திருக்கிறது. மாவட்டக் கலை மன்றம் வயது வாரியாக விருது தருகிறது: சின்னவர்களுக்குக் கலை இளமணி, பிறகு வளர்மணி, சுடர்மணி, நன்மணி, வயதானவர்களுக்கு முதுமணி. எங்கள் பக்கத்துத் திரௌபதி வேஷக்காரர் ஒருவர் அப்படி ஒரு விருதை வாங்கிக்கொண்டு வந்து, சட்டம் போட்டு, அரிதாரப் பெட்டிக்கு மேலே மாட்டியிருக்கிறார். பந்தலுக்கு வெளியே நின்று வேட்டி வாங்கியவரின் மகன் அவர். மாவட்ட ஆட்சியர் கையால், மேடையில், முழுப்பேர் சொல்லி. அந்தப் படத்தை அவர் காட்டியபோது நான் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பொன்னாடைதான் எனக்கு ஒத்துவரவில்லை. கூத்துக்கு இப்போது பேச்சாளர்கள் வருகிறார்கள், கட்சிக்காரர்கள் வருகிறார்கள், எல்லோருக்கும் ஆளுக்கொரு சரிகை மினுங்குகிற செயற்கைத் துணி. போர்த்திய கையோடு எடுத்து மடித்துப் பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். போர்த்துகிறவர் வாங்குகிறவரைப் பார்ப்பதில்லை. இரண்டு பேரும் சேர்ந்து கேமராவைப் பார்க்கிறார்கள். குளிருக்குப் போர்த்த முடியாது, இடுப்பில் கட்ட முடியாது, துடைத்தால் ஈரம் ஏறாது. வாத்தியார் வீட்டு அட்டத்தில் அவை மூட்டையாகக் கிடக்கின்றன. பழைய வேட்டி துண்டாவது உழைத்தது. ஒரு கைலியும் ஒரு கம்பளியும் கொடுத்தால் என்ன என்று நான் ஊர்க்கூட்டத்தில் கேட்டேன், படத்தில் நன்றாக விழாது என்றார்கள்.

அன்பளிப்புக்கு இப்போது ஆர்மோனியக்காரருக்குப் பக்கத்தில் ஓர் அட்டை நிறுத்தியிருக்கிறார்கள், கட்டம் கட்டமாகக் கறுப்புப் புள்ளி போட்டது. இளைஞர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவந்து கைப்பேசியைக் காட்டிவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். சிலர் எழுந்துவருவதுகூட இல்லை, எண்ணை ஒருவர் எல்லோருக்கும் அனுப்பிவிடுகிறார், இருந்த இடத்திலிருந்தே. அட்டைக்குப் பக்கத்தில் சின்னப் பெட்டி ஒன்று, டீக்கடையிலும் மளிகைக்கடையிலும் பேசுமே, அதே பெட்டி. பணம் விழுந்ததும் ஒரு பெண்குரல் சொல்லுகிறது: நூறு ரூபாய் பெறப்பட்டது. தொகையை மட்டும். கொடுத்தவர் எந்த ஊர், யார் பேரன், எந்த வேஷத்துக்காக, ஒன்றும் இல்லை. நூறு, ஐம்பது, இருநூறு என்று அது சொல்லிக்கொண்டே இருக்கிறது; கர்ணன் தலையைத் திருப்பிப் பார்ப்பதற்குள் அடுத்த தொகை வந்துவிடுகிறது. கும்பிட நினைத்தால் எந்தத் திசையில் கும்பிடுவது? எங்கள் கட்டியக்காரர் பேர் எல்லாம் சொல்லித் தொகையில் முடித்தார், இந்தப் பெட்டி தொகையில் தொடங்கித் தொகையிலேயே முடித்துவிடுகிறது. பெருஞ்சித்திரனார் இருந்திருந்தால் எழுந்து போயிருப்பார். ஆனால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்தப் பெட்டிக்கு யாருடைய தெருவும் தெரியாது. எல்லோருடைய நூறையும் ஒரே குரலில்தான் சொல்லுகிறது. ராகத்தை யாருக்கும் சுருக்குவதில்லை.

போன வருஷக் கூத்தில் இதை எப்படிச் சரிசெய்வது என்று கட்டியக்காரர் தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தார். இளைஞர்தான், தருமபுரிக் கல்லூரியில் படித்தவர், தாத்தா காலத்திலிருந்து கோமாளி வேஷம் கட்டுகிற குடும்பம். பெட்டியின் வாயை அடைத்துவிட்டு, கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டார். பணம் வந்ததும் திரையில் தெரிகிற பேரை உரக்கப் படிப்பார். படித்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்து, யாருங்கண்ணா இது, எழுந்து நில்லுங்க, யார் பேரன் நீங்க என்று கேட்பார். எழுந்து நிற்கிறவர் அங்கிருந்தே பதில் சொல்லுவார், கட்டியக்காரர் அதை வாங்கி ராகத்தில் போடுவார். கணக்கில் இருக்கிற பேருக்கும் மனிதருக்கும் சில சமயம் ஒட்டாது; ஒருவருக்கு உரக்கடையின் பேர் வந்தது, அவர் எழுந்து, கடை என்னுதுதான், தாத்தா பேரைச் சொல்லுங்க என்றார். களமே சிரித்தது. சிரித்தாலும் தாத்தா பேர் முழுசாக வந்தது. எந்தத் தெருக்காரருக்கும் இவர் ராகத்தைக் குறைக்கவில்லை என்பதை நான் காதைத் தீட்டிக்கொண்டு கவனித்தேன்.

கர்ண மோட்சத்தன்று, அம்பு பட்டுக் கர்ணன் தேர்க்காலைப் பிடித்துச் சாய்ந்திருந்த நேரம், கட்டியக்காரர் கைப்பேசியைப் பார்த்து ஒரு பெண்ணின் பேரைப் படித்தார். வீட்டுக்காரர் பணமாக இருக்கும் என்று வழக்கப்படி கூட்டத்தில் ஆண்கள் பக்கம் பார்த்தார். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுந்தாள், நாற்பது வயதிருக்கும், ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிறவள் என்று பிறகு சொன்னார்கள். "என் பணம்தாங்க" என்றாள்.

"யார் பேத்திங்க அம்மா?"

அவள் தாத்தா பேரைச் சொல்லவில்லை. பாட்டியின் பேரைச் சொன்னாள், அம்மாவின் பேரைச் சொன்னாள், பிறகு தன் பேரைச் சொன்னாள். கட்டியக்காரர் ஒரு நொடி தயங்கினார், அந்த வரிசைக்கு ராகம் இதுவரை போட்டதில்லை. பிறகு மத்தளக்காரரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, வட்டத்தையும் ஊரையும் சொல்லி, மூன்று பெண்களின் பேரையும் ஒன்றன் கீழ் ஒன்றாக இழுத்து நிறுத்திப் பாடினார். தேர்க்காலில் சாய்ந்திருந்த கர்ணன் எழுந்து நின்று, பெண்கள் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பினார். அதன்பிறகு போய் மறுபடி சாய்ந்துகொண்டார்.